எஸ்.டி.ஆர். கருவியில் சிற்றலை: இரைச்சலைக் குறைத்துத் தெளிவாகக் கேட்கும் வழிமுறை

கணினியில் செருகி, மென்பொருளின் உதவியோடு வானொலி கேட்கும் எஸ்.டி.ஆர். கருவியை வாங்கிச் சிற்றலைப் பக்கம் வரும் பலரும் சில நாட்களிலேயே ஒரே முறையீட்டுக்கு வந்துசேர்கிறார்கள்: பழைய டிரான்சிஸ்டர் பெட்டியில் ஓரளவு கேட்ட நிலையம்கூட இதில் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. உடனே மென்பொருளில் இருக்கும் இரைச்சல் நீக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதும், அதற்கும் மசியாவிட்டால் விலை கூடிய கருவியைத் தேடுவதும் வழக்கமாக இருக்கிறது. இவை இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டியவை. நகரத்து வீடுகளில் சிற்றலையைக் கெடுக்கும் இரைச்சலின் பெரும்பகுதி கருவிக்குள் பிறப்பதில்லை. வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஓடும் மின்சாதனங்களில் பிறந்து, ஆன்டெனா வழியாகவோ கேபிளின் வெளியுறை வழியாகவோ உள்ளே வருகிறது. அங்கே கலந்துவிட்டதை மென்பொருளால் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே இரைச்சலின் மூலம், அது வரும் பாதை, ஆன்டெனா, கருவி, மென்பொருள் என்ற வரிசையில் வேலையைத் தொடங்குவதே சரி.

இங்கே சொல்லப்படுபவை சென்னை போன்ற நகரத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றில், ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். வி3 அல்லது வி4 கருவியை மடிக்கணினியோடு இணைத்துக் கேட்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஏர்ஸ்பை எச்.எஃப்.+, எஸ்.டி.ஆர்.பிளே போன்ற கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு, ஓவர்லோடு (வலுவான சிக்னலால் கருவி திணறுவது) பற்றிய பகுதி மட்டும் சற்று மாறுபடும்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது

மென்பொருளை 31 மீட்டர் பட்டையில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையிலும் முன்னிரவிலும் இந்தியாவில் எப்போதும் ஏதாவது நிலையம் கேட்கக்கூடிய பட்டை இது. நிலையம் எதுவும் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, அலைவரிசைவாரியாகச் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தின் அடிமட்டக் கோடு, அதாவது இரைச்சலின் மட்டம், எத்தனை டெசிபலில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆன்டெனாவைக் கழற்றி மறுபடியும் பாருங்கள். ஆன்டெனாவைச் செருகும்போது அந்தக் கோடு 10 டெசிபலோ அதற்கு மேலோ உயருமானால், கருவியின் உணர்திறன் போதுமானது. இன்னொரு பெருக்கியைச் சேர்ப்பது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோடு அசையவே இல்லை என்றால் ஆன்டெனாவிலோ இணைப்பிலோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது வீட்டு மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும் சோதனை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே உருவிவிட்டு, பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நம் வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு: மெயினை அணைத்த நொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு மின்விசிறிகளை ஓட்டத் தொடங்கும். பல இன்வெர்ட்டர்கள் தாமே பெரும் இரைச்சல் மூலங்கள் என்பதால், அதன் சுவிட்சை முன்கூட்டியே அணைத்துவிடாவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். வீடு முழுவதும் இருண்டபின் அடிமட்டக் கோடு சரிந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மெயினைப் போட்டு, எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, கோடு எந்தச் சுவிட்சுக்கு எழும்புகிறது என்று பார்த்தால் அறை பிடிபடும். பின்பு அந்த அறையின் பிளக்குகளை ஒவ்வொன்றாக உருவினால் சாதனமே பிடிபடும்.

இங்கேதான் எஸ்.டி.ஆர். கருவி பழைய பெட்டியைவிட மேலானது. காதுக்கு எல்லாம் ஒரே உறுமலாகக் கேட்கும் இரைச்சல், நேரம் செல்லச் செல்லக் கீழிறங்கும் வண்ணப்படமான வாட்டர்ஃபாலில் வெவ்வேறு உருவங்களாகத் தெரியும். கைபேசி சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் போன்ற, மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டு நிறுத்தி இயங்கும் ஸ்விட்ச்சிங் வகை மின்வழங்கிகள் சம இடைவெளியில் மங்கலான பட்டைகளை எழுப்புகின்றன. 9420, 9485, 9550 என்று பட்டைகள் தெரிந்தால் இடைவெளி 65 கிலோஹெர்ட்ஸ். அதுவே அந்தச் சார்ஜரின் ஸ்விட்ச்சிங் வேகம் என்று கொள்ளலாம். கைபேசியின் பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைவதால் இந்தப் பட்டைகள் மெல்ல இடம்பெயர்வதையும் காணலாம். வாட்டர்ஃபாலில் வளைந்து நெளிந்து இறங்கும் கோடு அநேகமாக எப்போதுமே மின்வழங்கிதான். ஒலிபரப்பு நிலையம் அப்படி அலையாது.

மலிவான எல்.இ.டி. விளக்குகளும், வெளிச்சத்தையோ மின்விசிறியின் வேகத்தையோ திருகிக் குறைக்கும் சில மின்னணு ரெகுலேட்டர்களும் 100 ஹெர்ட்ஸ் உறுமலைத் தருகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இரைச்சல் வெடிக்கிறது. வாட்டர்ஃபாலின் வேகத்தைக் கூட்டினால் இது பட்டை முழுவதும் நீளும் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். மின்கம்பத்துப் பீங்கானில் பொறி பறந்தாலும் இதே உருவந்தான் வரும். ஆனால் அது மெயினை அணைத்தபின்னும் நிற்காது, வானிலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அப்படிப்பட்ட கம்பத்தைக் கண்டுபிடித்தால் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் புகார் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பத்தையோ தாங்குகம்பியையோ தட்டிப் பார்க்கும் வேலை கூடாது. காலையில் வெயிலோடு எழுந்து மாலையில் அடங்கும் இரைச்சல் அக்கம்பக்கத்து மாடியிலுள்ள சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டராக இருக்கக்கூடும். சற்றும் அசையாமல் ஊசிபோல் நிற்கும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கணினியிலிருந்தோ கருவியிலிருந்தோ வருபவை. பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சீராகத் தட்டிக்கொண்டே இருந்து, திடீரென இடம் மாறும் பட்டை, தொலைதூர நாடுகளின் தொடுவானம் கடந்த ரேடாராக இருக்கலாம். அதற்கு வீட்டில் மருந்தில்லை, வேறு அலைவரிசைக்குப் போவதே வழி.

கணினியை அறை அறையாகத் தூக்கிச் செல்ல இயலாதவர்கள், பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, சாதனங்களின் அருகே கொண்டுபோய்க் கேட்கலாம். குற்றவாளியை நெருங்க நெருங்க உறுமல் காதைப் பிளக்கும். ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

மூலம் தெரிந்தபின் செய்ய வேண்டியது எளிது. தேவையற்றதைப் பிளக்கிலிருந்து உருவுங்கள்; சுமை இல்லாமல் சும்மா தொங்கும் சார்ஜர்கூட இரைச்சல் தரும். மோடத்தின் அடாப்டரைப் போல நிறுத்த முடியாததை, அதே வோல்ட்டும் ஆம்பியரும் கொண்ட தரமான அடாப்டராக மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் அதன் மின்கம்பியை ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுகள் சுற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது, அவர் வீட்டு விளக்கைக் குறைசொல்வதைவிட, நல்ல விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாற்றித்தரச் சம்மதம் கேட்பது விரைவில் பலன் தரும்.

கேபிள் வழியாக ஏறிவரும் இரைச்சல்

பலரும் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். உழைப்புக்கு அதிகப் பலன் தருவதும் இதுதான் என்பது என் கருத்து. கோஆக்ஸியல் கேபிளின் வலைக்கவசம் உள்ளே ஓடும் சிக்னலைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கவசத்தின் வெளிப்பரப்பு ஒரு நீளமான கம்பியாகவும் இயங்குகிறது. மடிக்கணினியும் சார்ஜரும் யூ.எஸ்.பி. இணைப்பும் உண்டாக்கும் இரைச்சல் அந்த வெளிப்பரப்பில் ஏறி, ஆன்டெனா வரை போய், அங்கிருந்து உட்புறத்தில் நுழைந்து, நல்ல சிக்னலோடு சேர்ந்து திரும்பி வருகிறது. ஆன்டெனாவை மொட்டைமாடியில் எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் இதைத் தடுக்காவிட்டால் வீட்டு இரைச்சல் கூடவே ஏறிவரும்.

இது நடக்கிறதா என்று அறிய, ஆன்டெனா இருக்கும் முனையில் கேபிளை மட்டும் கழற்றி, அதன் நடுக்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே 50 அல்லது 75 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்திவிட்டு ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். ஆன்டெனாவே இல்லாத நிலையிலும் மின்வழங்கிப் பட்டைகள் தெரிந்தால் அவை கேபிளின் வழியே வருகின்றன. கேபிளிலேயே மின்சாரம் அனுப்பி இயக்கும் வகை ஆன்டெனாவாக இருந்தால், அந்த மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டுத்தான் மின்தடையைப் பொருத்த வேண்டும்.

தடுக்கும் வழி ஃபெரைட் சோக், அதாவது கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றி அதன் வெளிப்பரப்பில் ஓடும் இரைச்சலை மறிப்பது. சிற்றலைக்கு 31 எண் கலவையில் செய்த, சுமார் 6 சென்டிமீட்டர் வெளிவிட்டமுள்ள டொராய்டு வளையம் ஏற்றது. அதில் ஆர்.ஜி.174 அல்லது ஆர்.ஜி.58 போன்ற மெல்லிய கேபிளைப் பத்து முதல் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றி, ஒன்றை ஆன்டெனாவின் அடியிலும் மற்றொன்றைக் கருவிக்கு அருகிலும் பொருத்த வேண்டும். கேபிளின் மேல் கவ்வும் கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தடுப்பாற்றல் ஏறத்தாழச் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், ஒரே ஒரு முறை ஊடுருவிச் செல்லும் கம்பிக்குச் சிற்றலையில் அது போதாது. கிளிப் பெரிதாக இருந்தால் அதற்குள்ளும் நான்கைந்து சுற்றுகள் சுற்றலாம்.

கருவியைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகாமல், கவசமுள்ள ஒன்றிரண்டு மீட்டர் நீட்சிக் கேபிளில் தள்ளி வைத்து, அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் சுற்றிவிடுங்கள். வாட்டர்ஃபாலில் 8 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அது யூ.எஸ்.பி. போக்குவரத்தின் அடையாளம், நொடிக்கு 8000 முறை தரவுப் பொட்டலங்கள் நகர்வதன் எதிரொலி அது. ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் தேவைப்பட்டால் கணினியிலிருந்தோ கைபேசி சார்ஜரிலிருந்தோ எடுக்க வேண்டாம். பவர் பேங்குக்குள்ளும் ஸ்விட்ச்சிங் சுற்று இருப்பதால் அதையும் நம்ப முடியாது. மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய நான்கு ஏஏ நிக்கல் பேட்டரிகளை வரிசையில் இணைத்தால் 4.8 வோல்ட் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் 7805 ரெகுலேட்டரும் கொண்ட பழைய பாணி மின்வழங்கியும் நல்லது.

ஆன்டெனா

அடுக்குமாடி வீட்டுக்கு நீளக் கம்பியைவிடச் சிறிய வளைய ஆன்டெனா பொருத்தமானது. எம்.எல்.ஏ.-30 போன்ற, சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள, பெருக்கியோடு கூடிய வளையம் மலிவாகவே கிடைக்கிறது; அதற்கு நிலத்தில் எர்த் கம்பி தேவையில்லை என்பது மாடியில் குடியிருப்பவர்களுக்குப் பெரும் வசதி. நீளக் கம்பி போட இடமிருப்பவர்கள் கம்பியைக் கேபிளுக்கு ஏற்பப் பொருத்தும் 9:1 டிரான்ஸ்ஃபார்மரோடு போடலாம். ஆனால் எர்த்துக்காக மின் பிளக்கின் மூன்றாவது துளையைத் தொட வேண்டாம். அது வீட்டு இரைச்சல் முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும், ஆபத்தும்கூட.

வளையத்தின் சிறப்பு அதன் திசையுணர்வு. வளையத்தின் தளம் நீளும் திசைகளிலிருந்து வருவதை அது நன்றாக வாங்கும். தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது வளையத்தின் துளை வழியே பார்க்கும் திசைகளிலிருந்து வருவதைப் பெரிதும் ஒதுக்கும். நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட இரைச்சலை ஒதுக்குமாறு திருப்புவதே இதன் சரியான பயன்பாடு. தொலைதூர நிலையத்தின் அலை அயனமண்டலத்தில் எதிரொலித்து மேலிருந்து சாய்வாக வருவதால் திருப்புவதால் அதிகம் குறையாது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சலோ கிடையாக ஒரே திசையிலிருந்து வருவதால் கூர்மையாக விழும். ஒருவர் வளையத்தை மிக மெதுவாகத் திருப்ப, மற்றொருவர் மின்வழங்கிப் பட்டையின் உயரத்தைப் பார்த்துச் சொல்வது வசதி. மறையும் இடம் சில பாகைகளே அகலமுள்ளது. வேகமாகத் திருப்பினால் தவறவிடுவீர்கள்.

இடமும் முக்கியம். சன்னல் கிரில்லுக்கு உட்புறம் வைத்த வளையம், இரும்புக் கிராதியும் கான்கிரீட்டுக் கம்பிகளும் சூழ, வீட்டு மின்கம்பிகளின் மடியிலேயே இருக்கிறது. பால்கனியில் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது வெளியே நீட்டி வைத்தாலே வேறுபாடு தெரியும். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் லிஃப்ட் அறைக்கும் எதிர் மூலையில் வைத்தால் இன்னும் நல்லது. அங்கிருந்து சிக்னலை வீட்டுக்கு இறக்கிக் கொண்டுவர டி.டி.எச். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிள் போதும். அது 75 ஓம், கருவி 50 ஓம் என்ற வேறுபாடு கேட்பதற்கு ஒரு பொருட்டே அல்ல. 20 மீட்டர் நீளத்துக்குச் சிற்றலையில் ஏற்படும் இழப்பும் 1 டெசிபலுக்குள்தான்.

கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மாடி ஆன்டெனாவைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். தொலைவில் இடிக்கும் மின்னல்கூட வாட்டர்ஃபாலில் குறுக்குக் கோடாக விழும். அந்தக் கோடுகள் அடர்ந்து பலக்கும்போதே கழற்றிவிடுவது உத்தமம்.

ஓவர்லோடும் பொய் நிலையங்களும்

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். கருவியில் சிக்னலை எண்களாக மாற்றும் எண்மாற்றி 8 பிட் கொண்டது. கணக்குப்படி மிக வலுவான சிக்னலுக்கும் மிக மெலிந்த சிக்னலுக்கும் இடையே அது ஏறத்தாழ 50 டெசிபல் வேறுபாட்டைத்தான் ஒரே நேரத்தில் தாங்கும். 14 பிட் கருவிக்கு இதே கணக்கு 86 டெசிபலைத் தருகிறது. சென்னைவாசிக்கு 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சிவாசிக்கு 936 கிலோஹெர்ட்ஸ் என, ஆகாசவாணியின் மத்திய அலை ஒலிபரப்பு அருகிலிருந்தே வலுவாக வருகிறது. ட்யூனரைத் தவிர்த்து ஆன்டெனா சிக்னலை நேரே எண்மாற்றிக்கு அனுப்பும் வி3 கருவியின் நேரடி மாதிரியெடுப்பு முறையில் அது சிற்றலையோடு சேர்ந்து ஒரே எண்மாற்றிக்குள் நுழைகிறது. எண்மாற்றி நிரம்பி வழிந்தால் அடிமட்டக் கோடு திடீரெனத் துள்ளும், இருக்கக் கூடாத இடங்களில் உள்ளூர் நிகழ்ச்சி கேட்கும்.

அதே முறையில் மடிப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. கருவி நொடிக்கு 2 கோடியே 88 லட்சம் மாதிரிகளை எடுக்கிறது. அதில் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸைக் கண்ணாடியாக வைத்து, அதற்கு மேலுள்ள அலைவரிசைகள் கீழேயும் கீழுள்ளவை மேலேயும் மடிந்து தெரியும். 15.0 மெகாஹெர்ட்ஸில் வரும் நேரக்குறி நிலையம் 13.8-இலும் தோன்றும். பண்பலையும் தப்புவதில்லை: சென்னையின் 101.4 மெகாஹெர்ட்ஸ் ரெயின்போ, 28.8-இன் மும்மடங்கான 86.4-ஐக் கழித்தால் 15.0-இல் வந்து விழ வேண்டும். கோபுரத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் அங்கே பரந்த இரைச்சலைக் கண்டால் வியக்க வேண்டாம். வி4 கருவி சிற்றலை முழுவதையும் 28.8 மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளி ட்யூனர் வழியாக வாங்குவதால் இந்த மடிப்பு அதில் இல்லை. வி3 வைத்திருப்பவர்கள், பண்பலையைத் தடுக்க 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் விடும் கீழ்க்கடத்தி வடிகட்டியையும், மத்திய அலையைத் தடுக்கச் சுமார் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மட்டும் விடும் மேற்கடத்தி வடிகட்டியையும் கருவிக்கு முன்னால் போட்டுக்கொள்வது நல்லது.

பார்ப்பது உண்மை நிலையமா பொய் நிலையமா என்று அறிய, சிக்னலை 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை இடையில் பொருத்திப் பாருங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபல் குறையும்; கருவிக்குள் வலுவான சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த பொய்ச் சிக்னல் 20 அல்லது 30 டெசிபல் குறைந்து பெரும்பாலும் மறைந்தே போகும். ஆனால் மடிப்பால் வரும் உருவமும் 10 டெசிபல்தான் குறையும் என்பதால் அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

கெயினை, அதாவது கருவி சிக்னலைப் பெருக்கும் அளவை, தானியங்கியில் விட வேண்டாம். குறைந்த நிலையிலிருந்து படிப்படியாக ஏற்றி, ஆன்டெனாவின் இரைச்சல் கருவியின் சொந்த இரைச்சலைச் சற்று மீறும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நிலையமும் இரைச்சலும் ஒரே அளவில் உயரும். ஓவர்லோடு மட்டுமே மிச்சம். வி3-இன் நேரடி மாதிரியெடுப்பில் ட்யூனரே சுற்றில் இல்லாததால் அதன் கெயின் நகர்த்திக்கு எந்த விளைவும் இராது. அங்கே அட்டெனுவேட்டர்தான் உங்கள் கெயின் கட்டுப்பாடு. ஏர்ஸ்பை எச்.எஃப்.+ கருவி மட்டும் இதற்கு விலக்கு. அதன் தானியங்கி நன்றாகவே வேலை செய்கிறது.

மென்பொருளில் செய்யக்கூடியவை

சிற்றலை ஒலிபரப்புகள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. பக்கத்து நிலையம் வலுவாக இருந்தால் வடிகட்டியின் அகலத்தைக் குறைப்பது மட்டும் போதாது, ஏ.எம். சிக்னலில் நடுவிலுள்ள கேரியர் அலைக்கு மேலும் கீழும் அமைந்த இரு பக்கப்பட்டைகளும் ஒரே செய்தியைச் சுமப்பதால், கெடாத பக்கத்தை மட்டும் கேட்கலாம். 9550-இல் நீங்கள் கேட்கும் நிலையத்தை 9555 நெருக்கினால், கீழ்ப்பக்கப்பட்டையைத் தேர்ந்து 4.5 கிலோஹெர்ட்ஸ் அகலம் வையுங்கள். எச்.டி.எஸ்.டி.ஆர். மென்பொருளில் ஈ.சி.எஸ்.எஸ். என்ற பெயரிலும், வேறு சிலவற்றில் சின்க்ரோனஸ் ஏ.எம். என்ற பெயரிலும் உள்ள முறை, கேரியரைத் தானே பிடித்து வைத்துக்கொள்வதால், சிக்னல் மங்கித் தெளியும்போது பேச்சு நொறுங்காமல் காக்கிறது. மிஞ்சும் சீழ்க்கையை, ஒரு குறுகிய இடத்தை மட்டும் நீக்கும் நாட்ச் வடிகட்டியால் வெட்டிவிடலாம்.

நாய்ஸ் பிளாங்கர், கம்பத்துப் பொறி போன்ற குறுகிய வெடிப்புகளுக்கு மட்டுமே உதவும். சார்ஜரின் தொடர் இரைச்சலுக்கு உதவாது. அதன் எல்லையை அளவுக்கு மீறி இறக்கினால் வலுவான நிலையத்தின் உச்சங்களையே இரைச்சல் என்று எண்ணி வெட்டி, ஒலியைக் கரகரப்பாக்கும். இரைச்சல் குறைப்பு வசதியைப் பேச்சுக்கு மிதமாகப் பயன்படுத்தலாம். நிலையத்தின் பெயரைக் கேட்டறிய வேண்டிய மெலிந்த சிக்னலில் அதை அணைத்துவிடுவதே நல்லது, ஏனெனில் நமக்கு வேண்டிய அசைகளையும் அது விழுங்கிவிடுகிறது.

செய்த மாற்றம் உண்மையில் பலன் தந்ததா என்பதைக் காதால் மட்டும் முடிவு செய்யக் கூடாது; சிற்றலைச் சிக்னல் நொடிக்கு நொடி மாறுவது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒலியை மட்டுமன்றி முழுப் பட்டையையும் சேமிக்கும் ஐ.க்யூ. பதிவாக ஓரிரு நிமிடங்கள் எடுத்து, நிலையம் இல்லாத இடத்தின் அடிமட்டத்தை ஒப்பிடுங்கள். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகளில் 16 பிட் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 35 ஜிகாபைட் எடுக்கும். 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறைத்தால் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல்தான்.

எதிர்பார்த்த நிலையம் கிடைக்கவே இல்லையென்றால், அதே நிமிடத்தில் யாரும் இணையத்தின் வழியே இயக்கிக் கேட்கக்கூடிய கிவி எஸ்.டி.ஆர். கருவிகளில் நம் பகுதிக்கு அருகிலுள்ள ஒன்றைத் திறந்து அதே அலைவரிசையைக் கேட்டுப் பாருங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் புகழ்பெற்றது என்றாலும், அங்கே கேட்பது இங்கே கேட்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாகாது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் ஒலிபரப்பு அட்டவணைகள் மாறுவதால், பல நேரங்களில் நிலையம் வேறு அலைவரிசைக்குப் போயிருக்கும். அருகிலுள்ள கருவியில் தெளிவாகக் கேட்டு உங்களிடம் மட்டும் கேட்காவிட்டால், கேபிள் முனையில் மின்தடையைப் பொருத்தும் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.